கடற்பக்கத்துக் கால்

பூவரசங்குடாவின் தண்ணீர்த் தாங்கியிலிருந்து ஒரு கொங்கிறீட் துண்டு பெயர்ந்து, பக்கத்திலிருந்த பாலர் பாடசாலைக் கூரையில் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வராத நாள். துண்டு கூரைத் தகட்டை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, சின்னக் கதிரைகளுக்கு நடுவே கிடந்தது. மறுநாள் காலையில் கதவைத் திறந்த ரீச்சர் யாரோ கல்லெறிந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு கூரையின் ஓட்டை வழியே வானத்தைப் பார்த்தார். வானத்தில் பாதியைத் தண்ணீர்த் தாங்கி மறைத்துக்கொண்டு நின்றது. அவர் பிள்ளைகளை உள்ளே விடாமல் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஸாஜிதா வந்து சேர்ந்தபோது தாங்கியின் கீழே தாய்மார் கூட்டமாக நின்றார்கள். பிரதேச சபையில் அவள் உறுப்பினர். 'கேம்ப்' ஆட்களின் வாக்கில் வந்தவள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, வள்ளங்களில் வந்து இந்தக் கரையில் இறங்கிய முஸ்லிம்கள் ஓலைக் கொட்டில் போட்ட இடம் அது. யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருடமாகிவிட்டது. கொட்டில்கள் போய்க் கல்வீடும் மதிலும் கேற்றும் வந்துவிட்டன. இருந்தும் ஊரார் வாயில் அது இன்னும் கேம்ப்தான்.

"மெம்பர், இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க. பிள்ளையள இதுக்குக் கீழ எப்பிடி விடுற?" என்று ஒரு தாய் கேட்டாள்.

ஸாஜிதா அண்ணாந்து பார்த்தாள். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கௌசல்யா ஏணியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். சிலாபத்துப் பெண். கொஞ்சம் கடுமையாகப் பேசுவாள் என்று சபையில் பெயர். அவள் ஸாஜிதாவைக் கையைப் பிடித்துக் கடற்பக்கத்துக் காலடிக்கு அழைத்துப் போனாள். கடலிலிருந்து வீசும் கச்சான் காற்றை வருடக்கணக்காக நேரே வாங்கிய கால் அது. கொங்கிறீட் நீளவாக்கில் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கம்பி சிவந்து, செதில் செதிலாக உரிந்து தெரிந்தது.

"உப்புக் காத்து உள்ளுக்குப் போயிட்டுது மெடம். கம்பி துருப்பிடிச்சா வீங்கும். வீங்கிற கம்பி கொங்கிறீட்டை வெளியில தள்ளும். நேத்து விழுந்தது அப்பிடித் தள்ளினதுதான்."

"விழுமா மிஸ்? டேங்கி?"

கௌசல்யா கையைத் தட்டித் துருவை உதறினாள். "நாளைக்கு விழும் எண்டு சொன்னா அது பொய். அஞ்சு வருஷம் நிக்கும் எண்டு சொன்னா அதுவும் பொய். உள்ளுக்கு எவ்வளவு கம்பி மிச்சமிருக்கு எண்டு உடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

"இவ்வளவு நாளும் ஏன் செய்யல்ல?"

"நான் வாறதுக்கு முதல் இருந்தவரும் கேட்டவர். நானும் ஒவ்வொரு வருஷமும் கேக்கிறன். அடுத்த வருஷம் பார்ப்பம் எண்டு சொல்லுவாங்க. நிக்கிற சாமான்தானே, ஆருக்கும் அவசரமில்ல."

அதைச் சொன்னபோது அவள் ஸாஜிதாவைக் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. ஆனால் ஸாஜிதாவுக்குச் சுட்டது. அப்படிச் சொன்ன கூட்டங்களில் மூன்று வருடமாக அவளும் உட்கார்ந்திருந்தாள். தாங்கி என்ற பேச்சு வந்தபோதெல்லாம் அவள் தன் முறை வரக் காத்திருந்தாள், தன் மண்டபத்தைப் பற்றிப் பேசுவதற்கு.

அந்த மண்டபந்தான் அவளுடைய தேர்தல். கேம்பில் கல்யாணம் என்றால் வாடகைப் பந்தல், வாடகைக் கதிரை. மழை வந்தால் மாப்பிள்ளையைத் தூக்காத குறையாக அடுத்த வீட்டு விறாந்தைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு கூட்டம் வைக்க இடமில்லை, பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு வைக்க இடமில்லை. "எங்களுக்கு ஒரு ஹோல் கட்டித் தருவன்" என்று ஸாஜிதா சொன்னாள். அவளுடைய மூத்த சகோதரி, றம்லா ராத்தா, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி அதையே சொன்னாள். வாக்கு விழுந்தது. அதன்பிறகு ஸாஜிதா அலைந்த அலைச்சலுக்கு இப்போதுதான் பலன் கிடைத்திருந்தது. வரும் வருடத்து வரவுசெலவுத் திட்டத்தின் வரைவில் மண்டபம் இடம்பிடித்துவிட்டது. றம்லாவின் மகள் பளீலாவுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேசி வைத்திருந்தார்கள். மண்டபத்தில் நடக்கும் முதல் கல்யாணம் அதுதான் என்று கேம்பில் எல்லாரும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

அன்று மத்தியானமே அவள் தவிசாளரைப் பார்க்கப் போனாள். நெய்னார் உள்ளூர் மனிதர், பெரிய வெங்காய வியாபாரி. அண்ணனைக் கூப்பிடுவது போல அவரை அவள் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். சபைக் கதிரையில் உட்கார்ந்தாலும் கடையில் உட்கார்ந்த மாதிரியே ஒரு காலை மடித்து வைத்துக்கொள்வார்.

"நானும் கேள்விப்பட்டன் தங்கச்சி. பாலர் பள்ளிய இப்போதைக்கு லைப்ரரிக்கு மாத்தச் சொல்லியிரிக்கன். டீ குடிங்க."

"டேங்கியச் செய்யோணும் நானா. இந்த பட்ஜட்டிலேயே."

நெய்னார் மறுக்கவில்லை. இரண்டு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். "கொரோனாவோட சந்தைக் குத்தகை பாதியாப் போச்சு. சம்பளம், குப்பை டிரக்டருக்கு டீசல், ரோட்டு லைட்டு எல்லாம் போக மிஞ்சிற காசு ரெண்டு வேலைக்குத்தான் காணும். ஒண்டு பஸ் ஸ்டாண்டுக் கடைகள். மத்தது உங்கட ஹோல். இப்ப டேங்கியும் எண்டா, இதுல எதை வெட்ட?"

"கடைகளை ஒரு வருஷம் பின்னுக்குப் போடேலாதா?"

"கடையக் கட்டினா வாடகை வரும். அந்த வாடகையில நாளைக்கு டேங்கியும் பார்க்கலாம், ரோட்டும் பார்க்கலாம். கடைய வெட்டினா வாற வருஷமும் இதே பஞ்சத்திலதான் நானும் நீங்களும் இந்த மேசையில இரிப்பம்."

ஸாஜிதா சண்டை போடும் எண்ணத்தோடுதான் வந்திருந்தாள். அவர் தன் பெயர் பொறிக்கும் கல்லுக்காகத்தான் கடை கட்டுகிறார் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அதை முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் அவர் சொன்னதில் பிழை பிடிக்க அவளுக்கு எதுவும் அகப்படவில்லை.

"ஹோலைப் பாதி, டேங்கியப் பாதி எண்டு செய்தா?"

"பாதி ஹோல் எண்டா நாலு தூண். ஆடு கட்டலாம்," என்று நெய்னார் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: "உள்ளத உள்ளபடி சொல்றன் தங்கச்சி. கட்டிடத்துக்கு ரிப்பன் வெட்டலாம். பூசின காலுக்கு என்னத்த வெட்டுற? இந்தக் கதிரையில இரிக்கிற ஒருத்தனும் அதைத் தானாச் செய்யமாட்டான். நானும்தான். நீங்க உங்கட ஹோலை விடுற எண்டா நான் தடுக்கமாட்டன். ஆனா அதை நீங்கதான் சொல்லோணும். நான் வெட்டினன் எண்டு கேம்புக்குப் போய்ச் சொல்லக்கூடா."

வீட்டுக்கு வந்து அவள் கணவன் ஜவ்பரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கருவாட்டுச் சாக்குகளைத் தைத்துக்கொண்டே கேட்டான். "அப்ப நீ என்ன செய்யப் போற?" என்றான். அவள் தெரியாது என்றாள். அவன் நூலை ஊசியில் கோத்துக்கொண்டு, "தெரியாட்டி இன்னும் ரெண்டு பேரிட்டக் கேள்," என்றான். அவன் புத்திமதி எப்போதும் அந்த அளவுதான்.

இரண்டு பேரில் முதல் ஆள் அல்பேட். கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் உறுப்பினர், எதிர்க்கட்சி. அவருடைய வள்ளம் கரையேறியிருந்த காலை நேரமாகப் பார்த்துப் போனாள். வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் ஒரு பலகையைத் தட்டி உட்காரச் சொன்னார்.

"அல்பேட் அண்ணே, கடைகளை வெட்டி டேங்கியச் செய்யச் சொல்லி நாம எல்லாரும் சேர்ந்து கேட்டா என்ன?"

"கேக்கலாம் தங்கச்சி. ஆனா எங்கட ஆக்கள் வேற முடிவு எடுத்தாச்சு. பட்ஜட்டைத் தோக்கடிக்கிறது. ரெண்டு தரம் தோத்தா நெய்னார் வீட்டுக்குப் போகோணும். எங்கட பக்கம் ஒரு வாக்குத்தான் கூட, அது உங்களுக்கும் தெரியும்."

"நெய்னார் நானா போனாப் பிறகு டேங்கி?"

"புது ஆள் வந்து ஒழுங்குபடுத்தி..." அல்பேட் அந்த வசனத்தை முடிக்கவில்லை.

"அடுத்த வருஷம்," என்றாள் ஸாஜிதா.

அவர் நண்டைக் கூடைக்குள் போட்டார். அவருடைய தம்பி மகனும் அந்தப் பாலர் பாடசாலைக்குத்தான் போகிறான். கடற்கரையிலும் கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். தாங்கித் தண்ணீர் இல்லையென்றால் அவர் வீட்டிலும் தேத்தண்ணி இல்லை.

"நீங்க உங்கட ஹோலை விடுவீங்களா?" என்று கேட்டார்.

நெய்னார் வைத்த அதே நிபந்தனை. அல்பேட்டே தொடர்ந்தார்:

"நீங்க எழும்பி அதைச் சொன்னா நான் பட்ஜட்டுக்குக் கைய உயர்த்துவன். கட்சி என்னக் கிழிக்கும். கிழிக்கட்டும். ஆனா கடைசி நேரத்தில நீங்க மாறிட்டா நான் இஞ்சின் நிண்ட வள்ளம் மாதிரி நடுவில நிப்பன். அதை மட்டும் செய்யாதீங்க."

இரண்டாவது ஆள் றம்லா ராத்தா. அங்கே போக ஸாஜிதாவுக்குக் கால் வரவில்லை. இருந்தும் வேறு யாரும் போய்ச் சொல்லுமுன் தானே சொல்ல வேண்டும் என்று போனாள். றம்லா விறாந்தையில் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாள். பளீலாவுக்கான துணி மடியில் குவிந்து கிடந்தது.

"ராத்தா, ஹோல் இந்த முறை இல்ல."

"வெட்டிட்டாரா நெய்னார்? எனக்குத் தெரியும். உள்ளூராக்கள் எங்களுக்குச் செய்வாங்களா?"

"அவர் வெட்டல்ல. நான்தான் வெட்டச் சொல்லப் போறன். டேங்கிக் காலைச் செய்யிறதுக்கு."

மெசின் நின்றது. றம்லா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஸாஜிதா தாங்கியிருப்பாள்.

"நீ ஆருக்கு மெம்பர்?"

"ராத்தா..."

"சொல்லு. ஆருக்கு? இந்த ஊருல வீடு இரிக்கு, அது அவரவர்ட. பள்ளி இரிக்கு, அது அல்லாஹ்ட. எங்க எல்லார்டயும் எண்டு சொல்ல என்ன இரிக்கு? ஒரு சுவர் இரிக்கா? வந்து இறங்கினப்ப நீ உம்மாட இடுப்பில இரிந்த, உனக்கு ஞாபகமிராது. எனக்கு இரிக்கு. அண்டைக்கிருந்து மத்தவங்கட இடத்தில நிக்கிற மாதிரித்தான் நிக்கிறம். ஒரு கட்டிடம் எழும்பினா, அதுக்குள்ள போய் இரிந்தா, நாங்களும் இந்த ஊர் எண்டு ஆகும். நான் கல்யாணத்துக்காகவா கேட்ட?"

"டேங்கித் தண்ணிய நாமளும்தான் குடிக்கிறம்."

"குடிக்கிறம். அது நிக்குதுதானே."

றம்லா மறுபடி மெசினை மிதிக்கத் தொடங்கினாள். ஸாஜிதா வெளியே வந்தாள். ராத்தா சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெருமுனைக்கு வந்த பிறகுதான் ஒரு பதில் தோன்றியது. திரும்பிப் போய்ச் சொல்ல மனம் வரவில்லை.

மார்கழியில் சபை கூடியது. மின்விசிறி சுற்றச் சுற்ற நெய்னார் வரைவை வாசித்து முடித்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸாஜிதா எழுந்தாள். அவளுக்குப் பேச்சு வராது, எழுதி வாசிக்கும் பழக்கமும் இல்லை. அன்று தெருமுனையில் தோன்றிய பதிலைத்தான் சொன்னாள்.

"தவிசாளர் அவர்களே, மண்டபத்துக்கு ஒதுக்கினதைத் தண்ணீர்த் தாங்கிக்கு மாத்தச் சொல்லிக் கேக்கிறன். என்ர ஆக்கள் இதுக்கு என்னை மன்னிக்கமாட்டாங்க. ஹோல் அவங்களுக்கு ஆடம்பரமில்ல, அதையும் இங்க சொல்லோணும். ஆனா அந்த டேங்கி நாங்க வந்து இறங்கின நேரம் எங்களுக்காகக் கட்டினது. அகதிகளுக்குத் தண்ணி குடுக்க வெளிநாட்டுக்காரங்க கட்டினது. பிறகு கடற்கரைக்கும் லைன் போச்சு, சந்தைக்கும் போச்சு. இப்ப முழு ஊரும் அதைத்தான் குடிக்குது. இந்த ஊருக்கு நாங்க கொண்டுவந்த சாமான் அது ஒண்டுதான். அதை விழ விட்டிட்டு நான் ஒரு ஹோலுக்குள்ள போய் எப்பிடி இரிக்கிற?"

அவள் உட்கார்ந்தாள். நெய்னார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சபைக்கு ஆட்சேபம் இல்லையெண்டா திருத்தத்தோட வாக்கெடுப்புக்கு விடுறன்," என்றார்.

ஆதரவான கைகள் உயர்ந்தன. ஒன்று குறைந்தது. அல்பேட் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவருடைய முழங்கையை மெதுவாகப் பிடித்தார். அல்பேட் அந்தக் கையை விலக்கிவிட்டுத் தன் கையை உயர்த்தினார்.

அன்றிலிருந்து கேம்பில் ஸாஜிதாவைக் கண்டால் பேச்சுக் குறைந்தது. யாரும் ஏசவில்லை. கடைக்குப் போனால் சாமான் கட்டிக் கொடுத்தார்கள், மிச்சக் காசு கொடுத்தார்கள், "எப்பிடி மெம்பர்?" என்று மட்டும் கேட்கவில்லை. றம்லா அவள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினாள். பளீலா மட்டும் இடைக்கிடை வந்து, உம்மா அனுப்பியதாகச் சொல்லாமல் ஒரு கிண்ணம் கறியை வைத்துவிட்டுப் போனாள்.

மாசி மாதத்தில் வேலை தொடங்கியது. அப்போதுதான் உண்மையான ஏச்சு வந்தது. தாங்கியை வெறுமையாக்கினால்தான் காலை உடைக்கலாம். அதனால் தண்ணீர் பவுசர் வண்டியில் வந்தது. வரும் என்று சொன்ன நேரத்துக்கு வராது. வந்தால் குடமும் வாளியும் தெருமுழுக்க நீளும். கடற்கரைப் பெண்களும் கேம்புப் பெண்களும் ஒரே வரிசையில் நின்று ஒரே ஆளை ஏசினார்கள். "ஓடிக்கொண்டிருந்த தண்ணிய நிப்பாட்டின மகராசி" என்று ஒருத்தி ஸாஜிதாவின் காதுபடவே சொன்னாள். ஸாஜிதாவும் வாளியோடு அந்த வரிசையில்தான் நின்றாள். எங்கே போவது?

கடற்பக்கத்துக் காலைச் சுற்றி இரும்பு முட்டுகள் கொடுத்து, மேசன்மார் உளியால் பழைய கொங்கிறீட்டை உரித்தார்கள். கௌசல்யா அவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். சில கம்பிகள் பாதியாய்த் தேய்ந்திருந்தன. ஒன்று, விரல் பட்டதும் பொடியாகிக் கொட்டியது. அதன் இடத்தில் சிவந்த தடம் மட்டும் இருந்தது.

"அப்ப விழுந்திருக்கும், என்ன மிஸ்?" ஸாஜிதா ஆவலோடு கேட்டாள். ஓம் என்ற ஒரு சொல் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு கேம்புக்கு ஓடலாம்.

கௌசல்யா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இப்பவும் எனக்குத் தெரியாது மெடம். மத்த மூண்டு காலும் தாங்கி நிண்டிருக்கவும் கூடும். இப்பிடி ஒரு காலுக்குக் கீழ பிள்ளையள வைக்கக்கூடாது, அதை மட்டும் சொல்லலாம்."

ஸாஜிதா அதை எடுத்துக்கொண்டு எங்கும் ஓடவில்லை.

பங்குனியில், இறக்குமதிக்கு டொலர் இல்லாமல், நாடே குலைந்தது. சீமெந்து விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கரண்ட் மணிக்கணக்காக நின்றது. டீசலுக்கு வாகனங்கள் பாலாவிச் சந்தியைத் தாண்டியும் வரிசையில் நின்றன. கால் வேலையை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர், பேசிய விலைக்கு இனிச் செய்ய ஏலாது என்று சொல்லி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கால், உரித்த கோழி மாதிரி, முட்டுகளுக்கு நடுவே நின்றது. மேலே தாங்கி வெறுமை, கீழே பவுசருக்கு டீசல் இல்லை. அந்தச் சில நாட்களில் ஸாஜிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஹோலையும் கெடுத்தேன், தண்ணீரையும் கெடுத்தேன் என்று ஜவ்பரிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அதே கிழமை கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. புதிய கட்டிட வேலைகள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், அத்தியாவசியத் திருத்த வேலைகளுக்கு மட்டும் அனுமதி. பஸ் ஸ்டாண்டுக் கடைகள் அத்திவாரக் கிடங்கோடு நின்றன. பெய்த மழைக்கு அதற்குள் தவளை கத்தியது.

இரண்டு நாள் கழித்து, சபையின் டிரக்டர் சீமெந்து மூட்டைகளோடு தாங்கியடிக்கு வந்தது. முன்னால் மோட்டார் சைக்கிளில் நெய்னார்.

"கடைக்கு எண்டு விலை ஏற முதல் வாங்கி வச்சது," என்றார் ஸாஜிதாவிடம். "ஸ்டோரில கிடந்து கல்லாப் போறதை விட இங்க வந்து நிக்கட்டும்."

"நானா, உங்கட கடை?"

"கடைய நான் கட்டேலா எண்டு கடிதமே வந்திட்டுது. இனி எவனும் என்னக் கேக்கமாட்டான்." அவர் சொன்னதில் கொஞ்சம் நிம்மதி கூட இருந்த மாதிரி இருந்தது. மூட்டைகளை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "கொந்தராத்துக்காரனோட நான் பேசிட்டன். கூலி மட்டும் குடுத்தாக் காணும். நாளைக்கு வருவான்," என்றார்.

வந்தான். சித்திரை முடிவதற்குள் கால் எழும்பியது. முன்னதை விடப் பருமனாக, சாம்பல் நிறத்தில், மற்ற மூன்றோடும் சேராமல் தனியாகத் தெரிந்தது. தாங்கியில் தண்ணீர் ஏற்றிய அன்று கௌசல்யா மூன்று மணித்தியாலம் கீழேயே நின்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் உள்ள நேரத்தில் தாங்கி நிரம்பியது, இல்லாத நேரத்தில் குழாய்களில் ஓடியது. பவுசர் வரிசை கலைந்த மறுநாளே எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். இப்போது சமையல் காஸ் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாலை றம்லா வந்தாள். வாசலில் நின்றபடியே, "பளீலாட நிக்காஹ் வீட்டு முத்தத்தில," என்றாள். "பெற்றோல் இல்ல, மாப்பிள்ள வீட்டால ரெண்டு வாகனத்தில வாற ஆக்கள் மட்டுந்தான். காஸும் இல்ல, விறகில சமைக்கோணும். நீ வந்து அடுப்பப் பார்."

"வாறன் ராத்தா."

"நான் கோவம் ஆறி வரல்ல."

"தெரியும்."

"சமைக்க ஆளில்லாம வந்த."

"அதுவும் தெரியும்," என்றாள் ஸாஜிதா. உள்ளே போய்க் கதிரையை எடுத்து வைத்தாள். றம்லா உட்கார்ந்தாள்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. மழை பெய்யவில்லை. பந்தலும் தேவைப்படவில்லை, முற்றத்து வேம்பின் நிழலே போதுமான அளவுக்குத்தான் சனம். விறகுப் புகையில் கண் எரிய எரிய ஸாஜிதா சமைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவ வந்த ஒரு முதியவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "ஸாஜிதாவுக்கு முன்கூட்டியே விளங்கியிரிக்கு. ஹோலைத் தொடங்கியிருந்தா இண்டைக்கு அத்திவாரக் கிடங்குதான் மிச்சம்." இரண்டு மூன்று பேர் ஓம் ஓம் என்றார்கள். கேம்ப் அவளை மன்னிப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது.

"எனக்கு ஒண்டும் விளங்கியிருக்கல்ல காக்கா," என்றாள் ஸாஜிதா. "சீமெந்து விலை ஏறும் எண்டோ சுற்றறிக்கை வரும் எண்டோ ஆருக்குத் தெரியும்? எல்லாம் நல்லா இருந்திருந்தா இண்டைக்கு நீங்க ஹோலில இரிந்து சாப்பிட்டிருப்பீங்க. நான்தான் அதை வெட்டினன்."

முதியவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிப் போனார். றம்லா மட்டும் அடுப்புக்கு அப்பால் நின்று தங்கச்சியைப் பார்த்தாள்.

அந்த வருட முடிவில் சபை கூடியபோது ஸாஜிதா ஒன்றே ஒன்று கேட்டாள். புதிதாக எதுவும் கட்டினாலும் கட்டாவிட்டாலும், கட்டியதைப் பார்த்துக்கொள்ள வருடாவருடம் சிறு தொகை ஒதுக்க வேண்டும், அதை வேறு எதற்கும் தொடக்கூடாது. ஓர் உறுப்பினர் அதற்குத் 'துருக்காசு' என்று பெயர் வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். நெய்னாரும் சிரித்தார், ஆனால் ஒதுக்கினார். அல்பேட்டைக் கட்சி உண்மையிலேயே விலக்கிவிட்டிருந்தது. அவர் பின்வரிசையில் தனியாக இருந்து கையை உயர்த்தினார். கௌசல்யா முதல் வேலையாகச் சந்தைக்குப் பின்னாலிருந்த வடிகாலின் உடைந்த மூடிகளை மாற்றினாள். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த பங்குனியில் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலும் தள்ளிப்போனது. ஸாஜிதா மெம்பர் இல்லாமல் வெறும் ஸாஜிதாவானாள். மண்டபம் கட்டப்படவில்லை. அதற்கென்று சொன்ன காணியில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள்.

ஒருநாள் பின்னேரம் இருவரும் விறாந்தையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது றம்லா கேட்டாள்: "அடுத்த எலக்சனுக்கு நிப்பியா?"

"நிண்டா ஆர் போடுவா?"

"போடுவாங்க. நான் வீடு வீடாப் போவன்."

"என்னெண்டு சொல்லிப் போவீங்க?"

"ஹோல் எண்டுதான். வேற என்னத்தச் சொல்ல?" றம்லா உரித்த வெங்காயத்தைச் சுளகில் போட்டாள். "எனக்கு அது இன்னும் வேணும். நீ செய்தது சரியோ பிழையோ, எனக்கு வேணும்."

"எனக்கும்தான் ராத்தா."

"ஆனா இந்த முறை மீட்டிங் நடக்கிற நாள் நானும் வருவன். பார்க்க வாறாக்களுக்குக் கதிரை போட்டிரிக்குதாமே? அதுல வந்து இரிப்பன். நீ எழும்பி எதையும் வெட்டினா, அங்கேயே கேப்பன்."

"கேளுங்க," என்றாள் ஸாஜிதா. கண்ணில் நீர் வழிந்தது, வெங்காயத்துக்கு. புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள்.